“இன்னும் ஆரம்பிக்கவில்லையா, டாக்டர்?”: நீரிழிவும் கால்களும், அனுபவப் பகிர்வு

பதிவு 1

அப்பாவுக்கு நீரிழிவு வந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. கால் பரிசோதனைக்கு அவரை அழைத்துச் சென்ற அன்று நடந்த ஒன்று மட்டும் இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. மருத்துவர் அவரைக் கண்களை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்றை எடுத்துப் பெருவிரலின் அடியிலும், விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டிலும் ஒவ்வோர் இடமாக அழுத்தினார். ஒவ்வோர் அழுத்தத்திலும் இழை வில்லாக வளைவதை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தொடுவது தெரிந்தால் “ஆம்” என்று சொல்ல வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அப்பா வாயே திறக்கவில்லை. இரண்டு கால்களும் முடியும் தறுவாயில், மூடிய கண்களோடு, “இன்னும் ஆரம்பிக்கவில்லையா, டாக்டர்?” என்று கேட்டார்.

அதற்கு முந்தைய ஓராண்டு முழுவதும், காலில் தொந்தரவு ஏதும் உண்டா என்று நான் கேட்டபோதெல்லாம் “ஒரு வலியும் இல்லை” என்றே அவர் சொல்லிவந்தார். அதை நான் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டேன். அவருடைய கால்விரல்கள் தரையைப் பற்றுவது போல மடங்கத் தொடங்கியதையும், குதிகால் வறண்டு வெடித்ததையும் முதுமையின் கணக்கில் சேர்த்துவிட்டேன். பாதத்தின் சிறு தசைகளை இயக்கும் நரம்புகள் பழுதானதால் விரல்கள் மடங்கின என்றும், வியர்வையைச் சுரக்கவைக்கும் நரம்புகள் பழுதானதால் தோல் வறண்டது என்றும் மருத்துவர் விளக்கியபோதுதான், எவ்வளவு காலமாக அந்தக் கால்களைப் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன் என்பது உறைத்தது.

பதிவு 2

எனக்கு நேர்ந்தது வேறு வகை. இடது பாதம் வீங்கிச் சிவந்திருந்தது. புண் இல்லை, காய்ச்சல் இல்லை, சொல்லும்படியான வலியும் இல்லை. முதலில் பார்த்தவர் தோலில் கிருமித்தொற்று என்று கருதி ஆன்டிபயாட்டிக் கொடுத்தார். அதை விழுங்கிக்கொண்டே மூன்று வாரம் வழக்கம்போல் நடந்தேன். இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் எக்ஸ்ரே எழுதுவதற்கு முன்பே தம் புறங்கைகளை என் இரு பாதங்களின் மீதும் வைத்து, சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இந்தக் காலை இனித் தரையில் ஊன்றாதீர்கள்” என்றார். வெப்பமானியில் அளந்தபோது இடது பாதம் வலது பாதத்தை விட 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்தது. நடுப்பாதத்து எலும்புகள் முறிந்து விலகியிருந்தன. நரம்பு மரத்த பாதத்தில் எலும்பும் மூட்டும் இப்படிக் குலைவதற்குப் பெயர் சார்கோ பாதம். முறிந்த எலும்பின் மேல் மூன்று வாரம் நடந்திருக்கிறேன். கால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஐந்து மாதம் கட்டுப் போட்டிருந்தேன். பாதத்தின் வளைவு சரிந்து, உள்ளங்காலின் நடுவில் இப்போது எலும்பு புடைத்து நிற்கிறது. அந்த இடத்தில் புண் வராமல் காப்பதே என் அன்றாட வேலையாகிவிட்டது.

முதல் பதிவை இட்ட தம்பிக்கு ஒன்று சொல்வேன். எல்லாவற்றுக்கும் மூலம் சர்க்கரைதான். அதைக் கட்டுக்குள் வைத்துவிட்டால் அப்பாவின் கால்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

பதிவு 3

நான் நீரிழிவுக் கால் சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். மேலே எழுதிய ஐயாவின் வேதனையை மதிக்கிறேன். ஆனால் அவருடைய கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.8 விழுக்காடு என்று எழுதிய தாளைக் கையில் பெருமையோடு பிடித்தபடி ஒரு அம்மா எங்களிடம் வந்தார். அவருடைய குதிகாலின் ஓரத்தில் நாணய அளவில் கறுத்துப் போயிருந்தது. பாதத்தின் மேலேயும் கணுக்காலின் உட்புறத்திலும் விரல் வைத்துத் தேடினேன், நாடி கிடைக்கவில்லை. அவர் டயாலிசிஸ் செய்துகொள்பவர். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், அதே குதிகாலைப் படுக்கையில் அழுத்தியபடி படுத்திருந்திருக்கிறார். “சுகர் நன்றாகத்தானே இருக்கிறது?” என்று அவர் கேட்ட குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

தொடக்கத்திலிருந்தே சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது நரம்பைக் காக்கும் என்பதில் ஐயமில்லை. முதல் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் நடத்தி 1993-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், தீவிரக் கட்டுப்பாடு நரம்புப் பாதிப்பை ஏறத்தாழ 60 விழுக்காடு குறைத்தது. இரண்டாம் வகையில் அந்தப் பயன் அவ்வளவு பெரிதாகக் காணப்படவில்லை. அதைவிட முக்கியமாக, 18 ஆண்டுகளில் போன உணர்வு, இன்று சர்க்கரை இறங்கியதும் திரும்பி வந்துவிடாது. ஆகவே அந்தத் தம்பியின் அப்பாவுக்கு “சர்க்கரையைப் பார்த்தால் போதும்” என்பது சரியான அறிவுரை ஆகாது.

யாரும் கேட்கவில்லை என்றாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இவற்றை முன்பே கேட்டிருக்கலாமே என்று சொல்பவர்களைத்தான் நான் தினமும் சந்திக்கிறேன். நாங்கள் ஒரு காலைப் பார்க்கும்போது முதலில் மூன்றைத் தேடுகிறோம்: உணர்வு குறைந்திருக்கிறதா, இரத்த ஓட்டம் குறைந்திருக்கிறதா, வடிவம் மாறியிருக்கிறதா. உணர்வும் ஓட்டமும் சரியாக இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை போதும். அவற்றில் ஒன்று குறைந்தால் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள்ளும், இரண்டும் குறைந்தால் அல்லது ஒன்றோடு வடிவ மாற்றமும் சேர்ந்தால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்ளும் பார்க்க வேண்டும். இந்தக் குறைகளோடு, முன்பு புண் வந்திருந்தாலோ, விரல் எடுத்திருந்தாலோ, சிறுநீரகம் செயலிழந்திருந்தாலோ ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் வர வேண்டும். நடந்தால் கெண்டைக்கால் வலிக்கவில்லை, அதனால் ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நரம்பு மரத்தவருக்கு அந்த வலியும் தெரியாமல் போகலாம். இரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்தவர்களுக்குக் கணுக்கால் இரத்த அழுத்த அளவீடு ஓட்டம் சரியாக இருப்பதுபோலக் காட்டி ஏமாற்றலாம். அப்போது கால் பெருவிரலின் இரத்த அழுத்தத்தை அளப்போம். புகைப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மெட்ஃபார்மினை நெடுங்காலம் உட்கொள்பவர்கள் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது குறைந்தாலும் நரம்பு மரக்கும், அதைச் சரிசெய்ய வழி உண்டு.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு தொடுசோதனையும் உண்டு. நீரிழிவு உள்ளவர் கண்களை மூடியிருக்க, அவருடைய இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை உங்கள் ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதிவு 4

செவிலியர் அம்மா எழுதியது முழுவதும் பயனுள்ளது. ஆனால் எங்கே போனாலும் “தினமும் உங்கள் பாதங்களைப் பாருங்கள்” என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதில்தான் எனக்கு வருத்தம். என் கணவருக்கு விழித்திரை பாதித்துப் பார்வை மங்கிவிட்டது, இடுப்பும் வளையாது. கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். கண்ணாடியில் பார்க்கவும் கண் வேண்டுமே.

நான் வீட்டில் இல்லாத நான்கு நாட்களில் அவர் தம் கால் ஆணிக்கு மருந்துப் பட்டை ஒன்றை ஒட்டியிருக்கிறார். தோலை அரிக்கும் சாலிசிலிக் அமிலம் அதில் இருப்பது அவருக்குத் தெரியாது. நான் திரும்பிய காலையில் அவர் குளித்துவிட்டு வந்தார். தரையில் ஈரக் கால்தடங்கள் வரிசையாக இருந்தன. இடதுகாலின் தடங்களில் மட்டும், பெருவிரலுக்குக் கீழே, ஒரே இடத்தில், இளஞ்சிவப்பாக ஒரு வட்டம். நான்கு தடங்களில் அதைப் பார்த்தேன். அவரோ துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு, ஊரிலிருந்து வந்தவர்களை விசாரித்துக்கொண்டிருந்தார்.

பார்வை குறைந்தவருக்கும் தனியாக வாழ்பவருக்கும் காலைப் பார்க்க இன்னொருவருடைய கண் வேண்டும். அதை மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

பதிவு 5

எனக்குப் புண் ஆறிவிட்டது என்று கட்டைப் பிரித்தார்கள். எட்டாவது மாதம் அதே இடத்தில், காய்ப்புக்கு அடியில், மறுபடியும் திறந்துகொண்டது. வெளியே போகும்போது சிறப்புக் காலணியைத் தவறாமல் அணிந்தேன். வீட்டுக்குள் நாலு அடிதானே என்று கழற்றிவைத்தேன். ஒரு நாள் எண்ணிப் பார்த்தபோது, நான் நடக்கும் நடையில் பாதிக்கு மேல் வீட்டுக்குள்ளேதான் இருந்தது. ஆறிய புண்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஓராண்டுக்குள் திரும்பி வருகின்றன என்று பிறகு சொன்னார்கள். கட்டைப் பிரித்த அன்றே அதைச் சொல்லியிருந்தால் அந்தக் காலணியைக் குளியலறை வாசல் வரை அணிந்திருப்பேன்.

பதிவு 6 (முதல் பதிவை இட்டவர்)

எல்லோருக்கும் நன்றி. இரண்டாம் பதிவை இட்ட அண்ணனுக்கும்தான். சர்க்கரையைப் பற்றி அவர் சொன்னது அவருடைய ஆற்றாமை என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

செவிலியர் அம்மா சொன்ன தொடுசோதனையை நேற்று இரவு செய்து பார்த்தேன். அப்பாவுக்கு இல்லை, அம்மாவுக்கு. அம்மாவுக்கும் ஆறு ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. அப்பாவின் கால்களைத் துடைத்து, ஈரப்பதக் களிம்பு தடவி, அவர் காலணிக்குள் கைவிட்டுப் பார்ப்பதெல்லாம் அம்மாதான். அவருடைய பாதங்களை நாங்கள் ஒருவரும் பார்த்ததில்லை. வலதுகாலில் தொட்ட மூன்றையும் உடனே சொல்லிவிட்டார். இடது பெருவிரலைத் தொட்டேன், பேசவில்லை. நடுவிரலை “இதோ” என்றார். சுண்டுவிரலில் என் விரலை வைத்து மனத்துக்குள் இரண்டு எண்ணினேன். கண்களை இன்னும் இறுக மூடிக்கொண்டு காத்திருந்தார்.

அப்பாவுக்கு அடுத்த வாரம் வாங்கியிருந்த நேரத்தில் அம்மாவின் பெயரையும் சேர்த்துவிட்டேன்.