புதுப்பிப்பு: காரில் பிரேக் மிதித்தால் இடது இண்டிகேட்டர் மங்கலாக எரிந்தது – தீர்ந்தது

இதைப் பற்றி முன்பு இங்கே கேட்டிருந்தேன்; பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பல்ப், ஃபியூஸ், பிரேக் சுவிட்ச் மூன்றிலும் கோளாறு இல்லை. "எர்த்தைப் (கரன்ட் கார் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) பாருங்கள், லோடு இருக்கும்போது, அதாவது விளக்கு எரியும்போது, அளங்கள்" என்று சொன்னவர்தான் சரி.

மல்டிமீட்டரின் ஒரு முனையை டெயில் லேம்ப் ஹோல்டரின் எர்த்திலும், மற்றதை பேட்டரி நெகட்டிவிலும் வைத்து, பக்கத்தில் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொன்னேன். நாலு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. நல்ல எர்த்தில் 0.2-ஐத் தாண்டக் கூடாது. பாடிக்குப் போக வழியில்லாத கரன்ட், இண்டிகேட்டர் பல்பின் இழை வழியாகச் சுற்றி எர்த் தேடியிருக்கிறது. முன் இண்டிகேட்டரும் லேசாக மின்னியதற்கு அதுதான் காரணம்.

டிக்கி ஓரத்தில் எர்த் போல்ட்டைக் கழற்றினால், வளையத்துக்கு அடியில் பொருபொருவென்று துரு. உப்புத்தாள் போட்டு வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். இப்போது 0.05 வோல்ட்.

எதிர்பாராதது: தேய்ப்பதற்கு முன், பீப் சத்தம் வைத்துப் பார்த்த கன்டினியூட்டி சோதனையில் (இணைப்பு அறுந்திருக்கிறதா என்று மீட்டரில் பார்ப்பது) இதே எர்த் தேறிவிட்டது. ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி இழை போதும், மீட்டர் கத்திவிடும். 21 வாட் பிரேக் பல்புக்கு வேண்டிய கரன்ட்டை அது தாங்காது. அப்புறம், எல்இடி மாற்றச் சொன்னவர்களுக்கு: எர்த் கெட்டிருந்தால் அதுவும் இப்படித்தான் குழம்பும்.