அந்தப் பெண்ணுக்கு என்ன சம்பளம்?

வகுப்பில் இரண்டாம் உலகப் போரைக் கற்பிக்கும்போதெல்லாம், சிவப்புத் தலைத்துணி கட்டி, சட்டைக் கையை மடித்துப் புயத்தைக் காட்டும் அமெரிக்கப் பெண்ணின் சுவரொட்டியைத்தான் முதலில் காட்டுவேன். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பெண்கள் இலட்சக்கணக்கில் ஆலைகளுக்குச் சென்றார்கள் என்று பல ஆண்டுகளாகச் சொல்லியும் வந்தேன். ஒரு நாள் மாணவி ஒருத்தி எழுந்து, "இவருக்கு என்ன சம்பளம் கொடுத்தார்கள்?" என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை. தேடத் தொடங்கியபோது, நான் கற்பித்து வந்ததே பிழை என்பது தெரிந்தது.

ஜே. ஹோவர்ட் மில்லர் வரைந்த அந்தச் சுவரொட்டி யாரையும் வேலைக்கு அழைக்கவில்லை. 1943 பிப்ரவரியில் இரண்டு வாரங்கள் மட்டும், வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் ஆலைகளுக்குள், ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள் பார்ப்பதற்காக அது ஒட்டப்பட்டிருந்தது. விடுப்பும் வேலைநிறுத்தமும் குறைந்து உற்பத்தி பெருக வேண்டும் என்பதே அத்தகைய படங்களின் நோக்கம். உலகம் அதை அறிந்தது 1980களில்தான். சம்பளத்துக்கான விடையும் கிடைத்தது: 1944இல் அமெரிக்க ஆலைகளில் தேர்ந்த ஆண் தொழிலாளி வாரத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 54 டாலர் பெற்றார், பெண் 31 டாலர் பெற்றார். மறுநாள் வகுப்பில் என் பிழையை ஒப்புக்கொண்டு, இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதினேன்.

*

மேலே அந்த ஆசிரியர் எழுதியதைப் படித்ததும், முதல் உலகப் போர் ஒளிப்படக் கண்காட்சி ஒன்றில் எனக்கு நேர்ந்தது நினைவுக்கு வந்தது. பிரிட்டனின் வெடிமருந்து ஆலைப் பெண்கள் வரிசையாக நின்று சிரிக்கும் படம் அது. பரப்புரைக்கு மிகப் பொருத்தமான படம் என்று நான் சொன்னபோது, அருகில் நின்ற முதியவர், "கறுப்பு வெள்ளையாக இருப்பதால் உங்களுக்குத் தெரியவில்லை, அவர்களுடைய முகம் மஞ்சளாக இருந்திருக்கும்" என்றார்.

உண்மைதான். டி.என்.டி. வெடிமருந்தைக் கையாண்டவர்களின் தோலும் முடியும் மஞ்சளாக மாறியதால், கேனரி என்ற மஞ்சள் நிறப் பறவையின் பெயரால் அவர்களைக் கேனரிப் பெண்கள் என்று அழைத்தார்கள். அந்த நஞ்சு கல்லீரலைத் தாக்கியதால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். இங்கிலாந்தின் சில்வெல் வெடிமருந்து ஆலையில் 1918 ஜூலை 1 அன்று நிகழ்ந்த வெடிப்பு 134 பேரைக் கொன்றது. அவர்களில் 32 பேரின் உடல்களை மட்டுமே அடையாளம் காண முடிந்தது. நாட்டுக்காக உழைக்கும் பெருமையைச் சுவரொட்டிகள் பாடின, அந்தப் பெருமை பொய்யுமன்று; ஆனால் எதைக் கையில் எடுக்கப்போகிறார்கள் என்பதை நான் பார்த்த எந்தச் சுவரொட்டியும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அழைப்பு மட்டும் போதவும் இல்லை. அடுத்த போரில், 1941 டிசம்பரில், 20 முதல் 30 வயது வரையுள்ள மணமாகாத பெண்களைப் பிரிட்டன் சட்டம் இயற்றியே பணிக்கு அழைத்தது. அன்று அந்தப் படத்துக்குத் திரும்பிச் சென்று, சிரிப்பை விட்டுவிட்டு அவர்களுடைய கைகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.