நேரடி நிகழ்ச்சிப் படத்தட்டுகள்: "ஃப்ளைட் 666" வாங்கலாமா, கருப்புத் தட்டோடு நிற்கலாமா?

மணல்மேடு எழுதியது:

வணக்கம். ஹெவி மெட்டல் வினைல் இசைத்தட்டுகளைச் சில ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். இதுவரை என்னிடம் உள்ளவை அனைத்தும் கருப்புத் தட்டுகளே; தட்டின் முகம் முழுவதும் ஓவியம் அச்சான படத்தட்டு எதையும் வாங்கியதில்லை. இப்போது அயர்ன் மெய்டன் என்ற ஆங்கிலேய மெட்டல் குழுவின் நேரடி நிகழ்ச்சிப் பதிவுகளில் படத்தட்டாக வந்தவற்றை மட்டும் ஒரு வரிசையாகத் திரட்டும் எண்ணம் வந்திருக்கிறது. டார்ட்மண்ட் நகரில் 2003இல் பதிவாகி 2005இல் வந்த "டெத் ஆன் த ரோடு", 2009இல் வந்த "ஃப்ளைட் 666", சாண்டியாகோவின் தேசிய விளையாட்டரங்கில் 2011 ஏப்ரலில் பதிவாகி மறு ஆண்டு வெளியான "என் விவோ!", 1988 நவம்பரில் பர்மிங்ஹாமில் பதிவாகி 2013இல் முழு வடிவம் பெற்ற "மெய்டன் இங்கிலாந்து '88" ஆகியவை இரட்டைப் படத்தட்டுகளாக, லிமிடெட் எடிஷன் என்ற குறிப்புடன் கடைக்கு வந்தவை என்பதை இங்குள்ள பலரும் அறிவீர்கள்.

இவற்றுள் "ஃப்ளைட் 666" மீதுதான் எனக்கு முதல் நாட்டம். பாடகர் புரூஸ் டிக்கின்சன் தாமே போயிங் 757 விமானத்தை ஓட்டி, குழுவையும் கருவிகளையும் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுசென்ற 2008ஆம் ஆண்டுப் பயணத்தின் பதிவு அது. ஒவ்வொரு பாடலும் ஒவ்வோர் ஊரில் எடுக்கப்பட்டது. முன்னால் வரும் சர்ச்சில் உரை முடிந்ததும் தொடங்கும் "ஏசஸ் ஹை" அவ்வாண்டு பிப்ரவரி 1 அன்று மும்பையில் எடுக்கப்பட்டது. ஜெர்மனியில் உள்ள ஒருவர் தம்மிடமுள்ள பிரதியை விற்க முன்வந்திருக்கிறார். ஓரிரு முறைதான் ஒலிக்கவிட்டதாகச் சொல்கிறார். அவர் கேட்கும் விலைக்கு நல்ல கருப்புத் தட்டுகள் மூன்று வாங்கிவிடலாம்.

படத்தட்டு என்றாலே இரைச்சல்தான் என்று ஒரு சாரார் சொல்வது எவ்வளவு உண்மை, எத்தனை பிரதிகள் என்ற எண்ணே அச்சிடப்படாத ஒன்றை "லிமிடெட்" என்று நம்பி விலை கொடுப்பது அறிவுடைமையா என்னும் இரண்டையும் அனுபவம் உள்ளவர்கள் தெளிவுபடுத்தினால் உதவியாக இருக்கும்.


ஊசிமுனை எழுதியது:

நான் ஒலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சந்தை நிலவரத்தை என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இங்கே உண்டு.

கருப்புத் தட்டு உருவாகும் முறை எளியது. சூட்டில் இளகிய பி.வி.சி. பிளாஸ்டிக் கட்டியை இரண்டு உலோக அச்சுகளுக்கு இடையே வைத்து அழுத்தும்போது வரிப்பள்ளங்களும் நடு லேபிளும் ஒரே அழுத்தத்தில் அமைந்துவிடுகின்றன. படத்தட்டு பல அடுக்குகளால் ஆனது: நடுவில் ஒரு பி.வி.சி. அடுக்கு, அதன் இரு புறமும் அச்சிட்ட தாள், தாளின் மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக் படலம். நாம் கேட்கும் இசை முழுவதும் அந்தப் படலத்தில்தான் பதிகிறது. ஒலித்தட்டுக்கென்றே தேர்ந்து கலந்த பி.வி.சி. அச்சின் நுண்ணிய வடிவத்தை உள்வாங்குவதைப் போலப் படலம் உள்வாங்குவதில்லை. ஆகவே ஊசி நகரும்போது பின்னணியில் "ஸ்ஸ்" என்ற ஓர் ஓசை தொடர்ந்து கேட்கும். தாளில் ஈரம் மிச்சமிருந்தால் அழுத்தும் சூட்டில் அது ஆவியாகிக் கொப்புளம் கிளப்பிவிடும் என்பதால், அச்சிட்ட தாளை முன்கூட்டியே அடுப்பில் உலர்த்திக்கொள்வது ஆலைகளின் வழக்கம். அந்த வேலையில் காட்டும் அக்கறைக்கு ஏற்ப, ஒரே ஓவியம் கொண்ட இரண்டு பதிப்புகளுக்குள்ளும் ஒலித் தரம் வேறுபடும்.

படத்தட்டு எல்லாமே கேட்கத் தகாதது என்று சொல்லிவிடவும் முடியாது. 1946, 47இல் டெட்ராய்ட் நகரிலிருந்து வந்த வோக் நிறுவனத்தின், நிமிடத்துக்கு 78 முறை சுழலும் படத்தட்டுகளின் நடுவே அலுமினியத் தகடு இருந்தது. அவை வளையாமல் நின்றதோடு, அக்காலத்துச் சாதாரணத் தட்டுகளைவிடக் குறைந்த இரைச்சலோடு ஒலித்தன என்ற பெயரும் அவற்றுக்கு உண்டு. ராக் இசையில் நவீனப் படத்தட்டின் தொடக்கமாகச் சுட்டப்படும் கர்வ்டு ஏர் குழுவின் 1970ஆம் ஆண்டுத் தட்டோ, பார்க்க அழகாகவும் கேட்கச் சுமாராகவும் இருந்ததற்காகவே நினைவுகூரப்படுகிறது. மெட்டல் ரசிகர்கள் இன்று வாங்குபவை இரண்டுக்கும் இடைப்பட்டவை.

நேரடி நிகழ்ச்சி என்பதால் கூட்டத்தின் ஆரவாரம் இரைச்சலை மறைத்துவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. அது பாதி உண்மையே. மும்பை "ஏசஸ் ஹை"யில் மூன்று கிட்டார்கள் ஒருசேரப் பாயும்போது உங்கள் காதுக்குப் படலத்தின் ஓசை எட்டாது. ஆனால் அதே தொகுப்பில் நியூ ஜெர்சியில் எடுத்த "ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரினர்" இருக்கிறது. கோல்ரிட்ஜ் கவிதையைத் தழுவிய அந்த நீண்ட பாடலின் நடுவே, முரசுகள் ஓய்ந்து பேஸ் கிட்டார் மட்டும் மெல்ல ஒலிக்க, கப்பலின் மரம் முனகுவதுபோல் ஒரு பகுதி வரும். படத்தட்டின் குறை முழுவதும் அங்கே வெளிப்பட்டுவிடும். இரண்டு தட்டுகளுக்குள் முழு நிகழ்ச்சியையும் அடக்கியிருப்பதால் ஒவ்வொரு பக்கமும் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். பக்கம் நீள நீள வரிகளை நெருக்கி, ஒலியளவைக் குறைத்து வெட்ட வேண்டியிருக்கிறது. நாம் கேட்கும்போது ஒலியைக் கூட்டுகிறோம். கூடவே இரைச்சலும் கூடுகிறது.

ஆக, காதுக்காக மட்டும் வாங்குவதானால் கருப்புத் தட்டே மேல் என்பது என் முடிவு. அந்தப் பயணத்தின் நினைவுப் பொருளாக ஒன்று வேண்டும், அவ்வப்போது போட்டும் கேட்க வேண்டும் என்றால் தாராளமாக வாங்கலாம்.


கருந்தட்டு எழுதியது:

ஊசிமுனை அவர்கள் மென்மையாகச் சொல்லிவிட்டார். படத்தட்டை ஒலிக்கவிடவே கூடாது என்பது என் கட்சி. சட்டமிட்டு மாட்டுங்கள், கேட்பதற்கு 1985ஆம் ஆண்டு "லிவ் ஆஃப்டர் டெத்" கருப்பு இரட்டைத் தட்டை வாங்குங்கள். அதன் முதல் மூன்று பக்கங்கள் லாங் பீச் அரங்கிலும் நான்காம் பக்கம் லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியனிலும் எடுக்கப்பட்டவை. அன்று ஏராளமாக விற்ற பதிப்பு என்பதால் நல்ல நிலையில் உள்ள பழைய பிரதிகள் இன்றும் கட்டுப்படியாகும் விலைக்கே கிடைக்கின்றன. நீங்கள் குறிப்பிட்ட நான்கில் எதுவும் அதன் அருகில் வராது.


நாலாம்பக்கம் எழுதியது:

கருந்தட்டு ஐயாவின் தேர்வில் எனக்கும் மறுப்பில்லை. சட்டமிட்டு மாட்டுவதில்தான் உண்டு. வெயில் படும் சுவரில் தொங்கும் அச்சுத் தாள் சில ஆண்டுகளில் வெளுத்துவிடும். பிறகு அது கேட்கவும் உதவாது, பார்க்கவும் உதவாது. சரியான எடையில் வைத்த நல்ல ஊசி படத்தட்டைக் கெடுத்துவிடாது. பெட்டி வடிவ மலிவுப் பிளேயர்களின் ஊசியைத் தாங்கும் கனத்த பீங்கான் கார்ட்ரிட்ஜ்தான் கெடுக்கும், அது கருப்புத் தட்டையும் விட்டுவைக்காது.

இனி "லிமிடெட்" என்பதைப் பற்றி. கையால் எண்ணிட்டோ, 500இல் இத்தனையாவது என்று அச்சிட்டோ வரும் சிறு நிறுவனப் பதிப்புகளில் அச்சொல்லுக்குக் கணக்கு உண்டு. பெரிய நிறுவனம் எண் எதுவும் தராமல் ஒட்டும் லிமிடெட் ஸ்டிக்கர், "இந்த வடிவத்தில் தொடர்ந்து அச்சிட மாட்டோம்" என்பதற்கு மேல் எந்த உறுதியும் தருவதில்லை. மெய்டன் படத்தட்டுகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. உலகெங்கும் ரசிகர்களைக் கொண்ட குழுவின் தட்டு எத்தனை ஆயிரம் அச்சாகியிருக்கும் என்று நாம் ஊகிப்பதில் பயனில்லை. இசைத்தட்டுகளைப் பட்டியலிட்டு விற்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் அந்தக் குறிப்பிட்ட பதிப்பின் பக்கத்தைத் திறந்து, அதை வைத்திருப்போர் எத்தனை பேர், தேடுவோர் எத்தனை பேர், கடைசியாக விற்ற விலைகள் என்ன என்று பாருங்கள். விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஆசைக்கு அளவில்லை, ஆனால் விற்று முடிந்த விலை பொய் சொல்லாது. வைத்திருப்போர் அதிகமாகவும் தேடுவோர் குறைவாகவும் இருந்தால் பேரம் பேச உங்களுக்கு இடம் இருக்கிறது என்று பொருள்.

நேரடி நிகழ்ச்சிப் படத்தட்டுகளில் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய இரண்டு கண்ணிகள் உண்டு. பழைய வானொலி ஒலிபரப்புகளை எடுத்துக் குழுவின் இசைவின்றி அழகிய படத்தோடு அச்சிட்டு "லைவ்", "லிமிடெட்" என்று விற்கும் தட்டுகள் ஐரோப்பியச் சந்தையில் நிறையப் புழங்குகின்றன; அவற்றுக்குச் சேகரிப்பு மதிப்பு குறைவு, ஒலி பெரும்பாலும் குறுந்தட்டிலிருந்தோ இணையக் கோப்பிலிருந்தோ எடுத்தது. மற்றொன்று, 1980களில் இங்கிலாந்தில் வந்த பேட்டிப் படத்தட்டுகள். முகப்பில் மேடைப் படம் பளபளக்கும். போட்டுக் கேட்டால் ஒரு பாட்டும் இருக்காது, இசைக் கலைஞர் நிருபரோடு பேசிக்கொண்டிருப்பார். விவரம் தெரியாத விற்பனையாளர்கள் இவற்றையும் "லைவ்" என்று பட்டியலிட்டுவிடுகிறார்கள்.

படத்தட்டில் காகித லேபிள் இல்லாததால், பாடல் முடிந்தபின் வரும் உள்வட்டத்தில் பொறித்த மேட்ரிக்ஸ் எண்ணே (தட்டு எந்தப் பதிப்பு என்று காட்டும் குறியீடு) முதன்மையான சான்று. நான்கு பக்கங்களின் உள்வட்டத்தையும் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதே படங்களில் கீறல்களையும் பார்த்துக்கொள்ளலாம். நேர் வெளிச்சத்தில் ஓவியத்தின் வண்ணங்கள் எந்தக் கீறலையும் மறைத்துவிடும். ஆகவே படத்தட்டுக்கு "நியர் மின்ட்" (ஏறக்குறையப் புதியது) என்று ஒருவர் தரம் சொன்னால், கண்ணால் பார்த்துச் சொன்னாரா, போட்டுக் கேட்டுச் சொன்னாரா என்று தயங்காமல் வினவுங்கள். ஓவியம் சற்று மையம் விலகியிருந்தால் பொருட்படுத்த வேண்டாம். வரிப்பள்ளமே மையம் விலகியிருந்தால்தான் சுருதி அலையும். சுழலும்போது ஊசிக்கை இடம் வலமாக ஆடுகிறதா என்பதைக் காட்டும் சிறு காணொளி ஒன்று கேட்டு வாங்குங்கள்.


மணல்மேடு எழுதியது:

விரிவான விளக்கங்களுக்கு மூவருக்கும் நன்றி. விற்பவர் படங்களையும் காணொளியையும் அனுப்பிவிட்டார். மேட்ரிக்ஸ் எண்கள் பொருந்துகின்றன, ஊசிக்கை ஆடவில்லை. ஆனால் முதல் தட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் மங்கலான பனிப்படலம் போன்ற ஒரு பூச்சு தெரிகிறது. தட்டுகளைத் தடித்த, வழவழப்பான, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறைகளில் பல ஆண்டுகளாக வைத்திருந்ததாகச் சொல்கிறார். கழுவினால் போய்விடும் என்கிறார். நம்பலாமா?


நாலாம்பக்கம் எழுதியது:

அந்தத் தடித்த உறை பெரும்பாலும் பி.வி.சி. ஆக இருக்கும். பி.வி.சி. உறையை வளையும்படி மென்மையாக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் நாளடைவில் கசிந்து தட்டின் மேல் படிகிறது. வெப்பத்தில் இது விரைவாக நடக்கும். கைரேகையோ தூசியோ என்றால் கழுவினால் போகும். இந்தப் பூச்சு தட்டோடு வினைபுரிந்திருந்தால் எத்தனை முறை கழுவினாலும் போகாது, ஒலியிலும் தொடர்ந்த சரசரப்பாகக் கேட்கும். ஆகவே கழுவிய பின் எடுத்த படத்தையும், அந்தப் பக்கத்தின் மெல்லிய பகுதி ஒன்றின் ஒலிப்பதிவையும் கேளுங்கள். அதற்கு அவர் இசையவில்லை என்றால் விட்டுவிடுங்கள், வேறு பிரதி வரும். இசைந்து, ஒலியும் சரியாக இருந்தால், பூச்சின் அடையாளத்தைக் காட்டியே விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

வாங்குவதாக முடிவானால் அந்த உறைகளை அங்கேயே தூக்கிப் போடச் சொல்லுங்கள். இங்கு வந்ததும் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன் உறைகளுக்கு மாற்றி, செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். அடுக்குகளால் ஆன தட்டு என்பதால் நம் ஊர்க் கோடையில் சாய்த்து வைத்தால் வளைவது உறுதி.


ஊசிமுனை எழுதியது:

ஒன்றைச் சேர்க்கிறேன். தட்டுகளை வெளி அட்டைக்குள் வைத்து அனுப்பினால் வழியில் ஏற்படும் குலுக்கலில் அவற்றின் விளிம்பே அட்டையின் ஒட்டிய ஓரத்தைக் கிழித்துவிடும். தட்டுகளை வெளியே எடுத்து, தனி உறையிலிட்டு, அட்டையின் பின்னால் வைத்து, இருபுறமும் கெட்டி அட்டை கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள். சுங்கத் தாளில் உண்மையான விலையையே எழுதச் சொல்லுங்கள். குறைத்து எழுதிய பொட்டலம் தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் கிடைக்கும். சுங்க வரி, ஜி.எஸ்.டி., கூரியர் நிறுவனம் தனியே வாங்கும் கையாளும் கட்டணம் ஆகிய மூன்றையும் இப்போதே விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டுப் பேரத்தைத் தொடங்குங்கள்.