புதுப்பிப்பு: ஸ்பிரிங் மாற்றியாச்சு

போன மாதம் கேட்டிருந்தேன்: என் மாஸ்டா ரோட்ஸ்டர் கார் நிலாவெளி வீதியில் முதுகை உடைக்கிறது, ஷொக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் தண்டு) மட்டும் மாற்றினால் போதுமா என்று. போதாது. முந்தி வைத்திருந்தவர் போட்ட குட்டை ஸ்பிரிங்கால் கார் பம்ப் ஸ்டொப்பிலேயே (ஸ்பிரிங் மிஞ்சி அமுங்கும்போது முட்டாமல் தாங்கும் மெத்தைக் கட்டை) உட்கார்ந்து ஓடியிருக்கிறது. கழற்றும்போது அந்தக் கட்டை பிஸ்கட் மாதிரி நொறுங்கிக் கையில் வந்தது.

கம்பெனி உயரத்து ஸ்பிரிங், அதற்கேற்ற கேவைபி கம்பெனியின் சாதாரண ஷொக், புது பம்ப் ஸ்டொப் போட்டேன். இறுக்கமான பில்ஸ்டீன் ஷொக் போட ஆசை இருந்ததுதான். ஆனால் மென்மையான ஸ்பிரிங்குக்கு இறுக்கமான ஷொக் பூட்டினால் சின்னப் பள்ளமும் குலுக்கும்.

புஷ் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர்) போல்ட்டுகளை காரின் பாரம் சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுகியே நின்று சீக்கிரம் கிழியும். கராஜ் அண்ணர் ஜாக்கில் வைத்தே இறுக்கப் பார்த்தார், மறித்துவிட்டேன்.

வளைவில் கொஞ்சம் சாய்கிறது, சரி. அம்மாவே கோணேசர் கோயிலுக்கு இதில் வருகிறார். வீல் எலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) இன்னும் பாக்கி.