மறுபடி புழக்கத்துக்கு வரவேண்டிய பழைய ஆங்கிலச் சொற்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நான் தொடங்குகிறேன். தூத்துக்குடியில் கப்பல் சரக்கு வேலை. நாள் முழுக்கப் போனும் மெயிலும்தான். சில வருடங்களுக்கு முன்னால், மும்பையில் இருந்த ஒருவரிடம் கன்டெய்னர் ஏற்றும் நாளைப் போனில் சொன்னேன்: 'டே ஆஃப்டர் டுமாரோ'. லைன் விட்டுவிட்டு வந்ததில் அவர் காதில் விழுந்தது கடைசிச் சொல் மட்டும். மறுநாள் விடிகாலையிலேயே ட்ரெய்லர் வந்து கேட்டில் நின்றுவிட்டது. சரக்கு இன்னும் குடோனை விட்டே கிளம்பவில்லை. டிரைவர் ஒரு பகலும் ஓர் இரவும் வண்டிக்கடியில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தார். அந்த மனிதருக்குச் சாப்பாடு வாங்கிக்கொண்டு போனபோதுதான் மனசு உறுத்தியது. நம்முடைய 'நாளன்னிக்கு' ஒரே சொல். அதன் வால் மட்டும் அறுந்து வந்தால் வேறு நாளாகிவிடாது.

இதை நெதர்லாந்தின் ராட்டர்டாமில் உள்ள ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னேன். "எங்களுக்கு ஓவர்மோர்கன் என்று ஒரே சொல் இருக்கிறதே" என்றார். அப்புறம் தேடிப் பார்த்தால், ஆங்கிலத்திலும் 'ஓவர்மாரோ' இருந்திருக்கிறது! 1535-ல் அச்சான கவர்டேல் என்பவரின் ஆங்கில பைபிளிலேயே வருகிறது. முந்தாநாளுக்கும் 'எர்யெஸ்டர்டே' என்று ஒன்று உண்டு. கையில் இருந்த சொல்லைத் தொலைத்துவிட்டு மூன்று சொல்லைக் கோத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது நான் மெயிலில் 'ஓவர்மாரோ' என்று எழுதி, பக்கத்திலேயே தேதியும் போடுகிறேன். மும்பைக்காரரும் அதையே சொல்லப் பழகிவிட்டார்.

*

அண்ணா, நீங்கள் பைபிளைச் சொன்னதால் இது ஞாபகம் வந்தது. நாகர்கோவிலில் ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். ஒருநாள் யோவான் 3-ஆம் அதிகாரம், இயேசுவும் நிக்கொதேமுவும் பேசும் இடம். ஒரு பையன் தமிழ் பைபிளையும் புது ஆங்கில மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டான்: "டீச்சர், 7-ஆம் வசனத்தில் முதலில் 'நீங்கள் மறுபடியும் பிறக்கவேண்டும்', அடுத்தாற்போல 'உனக்குச் சொன்னதை'ன்னு இருக்கே. மரியாதை கொடுத்துட்டு உடனே எடுத்துடுவாங்களா?" ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் 'யூ'தான். அதை வைத்து அவனுக்கு விளக்கவே முடியவில்லை.

வீட்டுக்குப் போய்த் தாத்தாவின் பழைய கிங் ஜேம்ஸ் பைபிளை எடுத்தேன். 1611-இன் ஆங்கில மொழிபெயர்ப்பு. அங்கே 'தீ' என்றும் 'யீ' என்றும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தௌ, தீ என்றால் எதிரில் இருக்கும் ஒருவர். யீ என்றால் பலர். அதாவது, பேசுவது நிக்கொதேமுவிடம், ஆனால் மறுபடியும் பிறக்க வேண்டியது அவர் மட்டும் அல்ல, எல்லாரும். இத்தனை வருடம் அந்த வசனத்தைப் படித்தும் எனக்கு இது உறைக்கவில்லை. நீ, நீங்கள் என்று பேசி வளர்ந்த நமக்கு 'தௌ' எவ்வளவு பெரிய இழப்பு என்று உடனே புரியும். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் வயதானவர்கள் பேச்சில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதாம். அது அழியவே கூடாது.

*

என் ஓட்டு 'ஃபோர்ட்நைட்'டுக்கு. அமெரிக்காவில் பிறந்த பேரனிடம் ஒரு ஃபோர்ட்நைட் தங்குவேன் என்றேன். அதே பெயரில் இருக்கும் கம்ப்யூட்டர் கேமை விளையாடத்தான் தாத்தா வருகிறார் என்று குதித்தான். பதினான்கு இரவு என்பதுதான் அந்தச் சொல்லின் மூலம் என்று சொன்னதும் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டான். ஏழு இரவுக்கு 'செநைட்' என்று இருந்தது, அது போயே போய்விட்டது. மூன்று தடவை என்பதற்கான 'த்ரைஸ்' மட்டும் நம் ஊரில் நன்றாக இருக்கிறது. மாத்திரை எத்தனை வேளை என்று கேட்டால் டாக்டர்கள் இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

*

டொரொன்டோவில் இருக்கிறேன். போன ஜனவரியில் பஸ் நிறுத்தத்தில் உறைந்துபோய் நின்றுகொண்டிருந்தேன். மேகம் விலகி ஒரு கீற்று வெயில் விழுந்தது. பக்கத்தில் நின்ற வயதான அம்மா "அப்ரிசிட்டி" என்றார். விழித்தேன். குளிர்காலத்து வெயிலின் கதகதப்புக்கு அதுதான் பெயர் என்றார். 1623-இல் ஹென்றி காக்கரம் போட்ட அகராதியில் இருக்கும் சொல், அதன் பிறகு யாரும் பெரிதாக எடுத்து ஆளவில்லை. மார்கழிக் காலையில் திண்ணையில் உட்கார்ந்து வெயில் காய்ந்த நமக்கு அந்தச் சுகம் தெரியும். சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடி, முகத்தை வெயில் பக்கம் திருப்பிக்கொண்டார். பஸ் வரும்வரை நானும் அப்படியே நின்றேன்.