அமேசான் காட்டின் ஊய்தோதோ பழங்குடி மக்களிடம் போய்வந்தவர்கள்: மறக்காத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

வைகைக்கரை:
கொலம்பியாவின் அமேசான் கரை ஊரான லெத்தீசியாவில் மொழி ஆய்வுக்காக நாலு மாதம். எனக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டி ஊய்தோதோ மொழியின் மிகா வழக்கு பேசுபவர். அந்த வழக்கில் "என்ன" என்பதற்கான சொல்தான் வழக்கின் பெயரே. அதன் முதல் உயிரொலி எனக்கு வரவே இல்லை. இகரமாகச் சொன்னால் இல்லையென்று கையை ஆட்டுவார், உகரமாகச் சொன்னால் சிரிப்பார். மூன்றாவது வாரம் அம்மாவோடு போனில் "எல்லாம் நல்லா இருக்கு" என்றேன். மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்திவிட்டு என் வாயைக் காட்டினார். அந்தக் கடைசி உகரம்! குற்றியலுகரம், உதடு குவியாமல் வருமே, கிட்டத்தட்ட அதேதான். அதற்குள் சொற்பட்டியலில் பாதியைத் தப்பாக எழுதி அனுப்பியாகிவிட்டது. அதுதான் உறுத்துகிறது.

மலைத்தேன்:
நான் செடி சேகரிக்கப் போனவன். ராத்திரி மலோக்காவில், அதாவது ஊர்ப் பொதுவான பெரிய கூரைவீட்டில், ஆண்கள் உட்கார்ந்து மாம்பே போடும் இடத்துக்குக் கூப்பிட்டார்கள். கோக்கா இலையை வறுத்து இடித்து, யாருமோ என்ற மரத்தின் இலைச் சாம்பல் கலந்த பச்சைப் பொடி, திருநீறு மாதிரி நைசாக இருக்கும். கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஊறும்வரை சும்மா இருக்கணும். யாரோ ஏதோ சொல்ல, சிரித்துவிட்டேன். வாயிலிருந்து பச்சைப் புகை! எதிரே இருந்த பெரியவரின் வெள்ளைச் சட்டை முழுக்க. அவர் தட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். நான் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. போதை என்று பெரிதாக ஒன்றுமில்லை.

கடலோரக்காற்று:
மலைத்தேன், போதை என்ற சொல்லையே இதில் கொண்டுவராதீர்கள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எப்படியோ அப்படித்தான் கோக்காவுக்குச் சாம்பல். ஊர்க் காரியம், கதை, நாளைய வேலை எல்லாம் பேசி முடிவாகும் இடம் அது. தலைப்பும் சரியில்லை. "ஊய்தோதோ" பக்கத்துக் கரிஹோனா மக்கள் வைத்த பெயர், எதிரி என்று பொருள். முருய்-முய்னா என்று எழுதுங்கள்.

வைகைக்கரை:
பாட்டியே வெளியாளிடம் ஊய்தோதோ என்றுதான் சொல்லுவார். நீங்கள் அங்கே போயிருக்கிறீர்களா?

ஆத்தூர்க்காரன்:
ஒரு அம்மா கசப்பு மரவள்ளித் துருவலைப் பின்னிய நீளப் பைக்குள் அடைத்து முறுக்கிப் பிழிந்தார். பால் மாதிரி சொட்டியது. தொட்டு நக்கப் போன என் கையில் ஓங்கி ஒன்று போட்டார். அவ்வளவுதான் என் கதை. ஆனால் இதைப் படிப்பவர்கள் கவனியுங்கள். அந்தச் சாற்றில் இருப்பது சயனைடு. நம் ஊர்க் கிழங்கில் குறைவு, இல்லாமல் இல்லை. தோலை நன்றாகச் சீவி, துண்டு போட்டு, மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பச்சையாகத் தின்னக் கூடாது. ஆட்டை மரவள்ளிக் காட்டில் விடாதீர்கள், இலை தின்று செத்த ஆடுகளைப் பார்த்தவன் நான். ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர்ப் பக்கமும் விடாதீர்கள். ஊய்தோதோ மக்கள் அந்தச் சாற்றையும் வீணாக்குவதில்லை, மணிக்கணக்கில் காய்ச்சி நஞ்சு போனபின் கருப்பாக ஒரு மிளகாய்க் குழம்பு. சோறு இருந்தால் பிசைந்து அடித்திருப்பேன்.

நெடுவழி:
கொலம்பியாவில் இகரா பரனா ஆற்றங்கரை, லா சொர்ரேரா என்ற ஊர். பெரு நாட்டு ரப்பர் முதலாளி அரானாவின் கம்பெனிக் கட்டடம் இப்போது பள்ளிக்கூடம். ரப்பருக்காக இந்த மக்களை அடிமைப்படுத்திக் கொன்றதை 1910-ல் பிரிட்டிஷ் தூதர் கேஸ்மென்ட் விசாரிக்க வந்த இடம். அவர் அறிக்கையின் நகலும் கேள்விப் பட்டியலுமாக ஒரு பெரியவர் முன்னால் உட்கார்ந்து, "உங்கள் தாத்தா காலத்தில்..." என்று ஆரம்பித்தேன். அந்தக் காலத்தை இருட்டுக் கூடை என்பார்கள், மூடி வைத்தது. படித்துவிட்டுத்தான் போயிருந்தேன், இருந்தும் கேட்டேன். அவர் ரெக்கார்டரின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மனைவியிடம் ஏதோ சொன்னார். அந்த அம்மா மரவள்ளிக் குச்சிக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். நாளைக்கு நடவாம். போனேன். மூன்று மணி நேரம் குனிந்து நட்டேன். ஆய்வேட்டில் அந்த அத்தியாயம் இன்னும் காலி.

ஆத்தூர்க்காரன்:
குச்சியை நேராக நட்டீர்களா, சாய்த்தா?