மூன்று தலையணை

கோண்டாவில் பேத்தி:
வைத்தியருக்கும் வருத்தக்காரருக்கும் நடுவில் ஆங்கிலத்தோடு மாட்டுப்பட்டவர்கள் எழுதுங்கள். முதலில் என் கதை.

போன ஐப்பசியில் அம்மம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். வைத்தியர் தெற்கிலிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் தெரியாது. இலங்கையில் 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி. அன்றைக்கு அந்த இணைப்பு நான்தான். அம்மம்மா சொன்னது ஒரே வசனம்: "களைப்பாக் கிடக்கு, மோனை." நான் 'டயர்ட்' என்றேன். அவர் வயதைப் பார்த்தார், விற்றமின் எழுதினார். நல்ல பிள்ளைதான். ஆனால் அம்மம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை. ஆங்கிலம் பேசிய எனக்குக் கதிரை கிடைத்தது, வருத்தக்காரி நின்றுகொண்டிருந்தார். நானும் சட்டென்று எழும்பவில்லை, அதையும் சொல்லவேண்டும்.

பத்து நாளில் கால் வீங்கிவிட்டது. திரும்பப் போனபோது, பிரஷர் பார்த்த வயதான தாதி கேட்டார்: "ஆச்சி, படுத்தாக் களைக்குதோ? எழும்பி இருந்தாச் சுகமோ?"

"ஓம் பிள்ளை, மூண்டு தலையணை வைச்செல்லோ படுக்கிறன்."

தாதி பட்டியைக் கழற்றாமலே என்னைப் பார்த்தார். எங்களுடைய களைப்பில் சோர்வும் இருக்கிறது, மூச்சு வாங்குவதும் இருக்கிறது. நான் பாதியைத்தான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துவிட்டு, இருதயம் பலவீனம் என்றார்கள். உப்பைக் குறைத்து, சலம் போகிற குளிசை தந்தார்கள்.

மருந்துக்கடை அண்ணை:
துண்டில் 'பிடி', 'நொக்டே' என்று இருக்கும். ஆங்கிலம் படித்தவர்களும் முழிப்பார்கள், ஏனென்றால் அது லத்தீன். இரண்டு வேளை, இரவு, அவ்வளவுதான். நான் உறையில் சூரியனும் பிறையும் கீறிக் கொடுப்பேன். ஒரு அப்பு பிறையைக் காட்டிக் கேட்டார்: "தம்பி, அமாவாசைக்கும் போடலாமோ?"

நாரி உளைவு:
எனக்கு என் பெயரே கதை. நாரி உளைவை, அதாவது இடுப்பு நோவை, ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல் இடுப்பைத் தொட்டுக் காட்டி, சிறுநீரகத்துக்கு ஸ்கான் எடுத்த ஆள் நான்.

மானிப்பாய் வாத்தியார்:
எங்கள் ஊருக்கு இது பழைய கதை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். படித்த பெடியள் அரசாங்க வேலை தேடி வெளியே போக, மனிதர் தமிழுக்கு மாறினார். அறுவைச் சிகிச்சைக்கு 'இரண வைத்தியம்' என்றே தமிழில் நூல் வந்தது. 1873இல் அவர் போய்விட்டார். 1978இல் தொடங்கிய யாழ். மருத்துவ பீடத்தில் பாடம் ஆங்கிலத்தில். உலகத்துப் புத்தகங்களெல்லாம் அதில் இருக்கும்போது வேறென்ன செய்வது, சரி. ஆனால் அந்தத் தாதி கேட்ட கேள்வி எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

கோண்டாவில் பேத்தி:
அண்ணை, உங்கள் பிறைக்கு நன்றி, நானும் கீறி ஒட்டிவிட்டேன். அம்மம்மா இப்போது இரண்டு தலையணைக்கு வந்துவிட்டார்.